கடை அகப்பக்கத்தில் வரைபடம் கறுத்துவிட்டது: ஆண்டுக்கு 600 வெள்ளி கொடுக்க வேண்டுமா?

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. குடும்பமாகக் கல்யாணச் சமையலும் பந்தல் வாடகையும் செய்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பி செய்துகொடுத்த அகப்பக்கத்தில், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூகுள் வரைபடம் இருக்கிறது. முகவரியைத் தட்டினால் தூரத்தைக் கணக்கிட்டுப் போக்குவரத்துச் செலவைச் சொல்லும் ஒரு படிவமும் இருக்கிறது. போன மாதத்திலிருந்து வரைபடம் கறுத்துப்போய், அதன்மேல் ‘ஃபார் டெவலப்மெண்ட் பர்ப்பஸஸ் ஒன்லி’ என்று எழுத்து விழுகிறதாம். தம்பியைக் கேட்டால், “கூகுள் விலையை ஏற்றிவிட்டது, ஆண்டுக்கு 600 வெள்ளி வரைபடக் கட்டணம் வேண்டும்” என்கிறாராம். மாதம் 900 பேர் வரை அகப்பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். “கட்ட வேண்டுமா, விட்டுவிடலாமா?” என்று முடித்திருக்கிறார்.

கேள்வி 600 வெள்ளியைப் பற்றியது போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கூகுள் உண்மையிலேயே விலையை மாற்றியதா? மாற்றியிருந்தால் உங்கள் அளவுக்குச் சிறிய ஒரு தொழிலை அது தொடுமா? வரைபடம் கறுத்ததற்கும் விலைக்கும் சம்பந்தம் உண்டா? கோலசிலாங்கூர், ஈஜோக், பத்து ஆராங், ரவாங் பக்கம் சிறு கடைகளுக்கும் கோயில்களுக்கும் பல ஆண்டுகளாக அகப்பக்கம் செய்துவருகிறேன். இந்த வரைபடச் சிக்கலோடு வருகிறவர்கள் குறைவதே இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் விலை. அது மாறியது உண்மைதான், ஒரு தடவையோடு நின்றதும் இல்லை. 2005-இல் கூகுள் இந்தச் சேவையை மற்றவர்களின் தளங்களுக்குத் திறந்துவிட்டபோது கட்டணம் என்ற பேச்சே இல்லை. 2011 கடைசியில் வரம்பு வந்தது: நாளொன்றுக்கு 25,000 தடவை வரைபடம் திறக்கும்வரை இலவசம், அதற்குமேல் ஆயிரத்துக்கு 4 டாலர். பெரிய தளங்கள் விலகத் தொடங்கின, ஃபோர்ஸ்குவேர் என்ற இடம் தேடும் செயலி அப்போதுதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் பக்கம் போனது. 2012 ஜூனில் கூகுள் அந்த 4 டாலரை 50 சென்னாகக் குறைத்தது. ஆறு ஆண்டுகள் அப்படியே ஓடின. பெரிய அடி 2018 ஜூலை 16 அன்று விழுந்தது. ஆயிரத்துக்கு 50 சென்னாக இருந்த விலை 7 டாலர் ஆனது, அதாவது பதினான்கு மடங்கு. நாளுக்கு 25,000 என்ற இலவச அளவு போய், மாதம் 200 டாலருக்குச் சலுகை வந்தது. 200-ஐ ஏழால் வகுத்துப் பாருங்கள், மாதத்துக்கு ஏறக்குறைய 28,500 தடவைதான். முன்பு ஒரு நாளில் கிடைத்தது ஒரு மாதத்துக்கு என்றாயிற்று. இலவச எல்லைக்குள் இருப்பவர்களும் பணம் செலுத்தும் கணக்கைத் திறந்து வங்கி அட்டையை இணைத்தே ஆக வேண்டும் என்ற விதியும் அதே நாளில் வந்தது. உங்கள் சிக்கலின் வேர் அந்த விதிதான் என்று நினைக்கிறேன், அதற்குக் கீழே வருகிறேன்.

அடுத்த மாற்றம் 2025 மார்ச் 1. 200 டாலர் சலுகையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி இலவச அளவு கொடுத்தார்கள். எளிய சேவைகளுக்கு மாதம் 10,000, நடுத்தரத்துக்கு 5,000, உயர்தரத்துக்கு 1,000. அகப்பக்கத்தில் விரலால் நகர்த்திப் பார்க்கிற சாதாரண வரைபடம் முதல் வகை. 10,000-ஐத் தாண்டினால் பழையபடி ஆயிரத்துக்கு 7 டாலர். இந்த மாற்றம் சிலரைத் தூக்கிவிட்டது, சிலரை இறக்கிவிட்டது. வரைபடம் மட்டும் மாதம் 28,000 தடவை காட்டிக்கொண்டிருந்த ஒரு தளம் முன்பு ஒன்றும் கட்டவில்லை, இப்போது மீதி 18,000-க்கு 126 டாலர் கட்ட வேண்டும். வரைபடம், முகவரித் தேடல், வழித்தடம் என்று எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படுத்தும் தளத்துக்கோ ஒவ்வொன்றுக்கும் தனி இலவச அளவு கிடைப்பதால் நிலைமை மேல். மலேசியாவில் இருப்பவர்கள் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் 6 விழுக்காடு சேவை வரி வந்தது, 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு.

இப்போது உங்கள் கணக்கு. மாதம் 900 பேர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் நாலு பக்கம் பார்த்தால், எல்லாப் பக்கத்தின் அடியிலும் வரைபடம் இருப்பதால் 3,600 தடவை அது திறக்கும். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கும் இழுத்து நகர்த்துவதற்கும் தனிக் கட்டணம் கிடையாது, ஒரு பக்கத்தில் ஒரு முறை திறந்தால் ஒரு கணக்கு. ஆக 10,000 என்ற இலவச எல்லையில் பாதியைக்கூட நீங்கள் தொடவில்லை. கூகுளுக்கு நீங்கள் தர வேண்டியது சுழியம். தம்பி கேட்கும் 600 வெள்ளியை, ஒரு டாலருக்கு 4 வெள்ளி என்று எளிதாக வைத்துப் பார்த்தால், 150 டாலர். அவ்வளவு கட்டணம் வர வேண்டுமென்றால் இலவச அளவைத் தாண்டி ஏறக்குறைய 21,000 தடவை உங்கள் வரைபடம் திறந்திருக்க வேண்டும். ஒரு தீபாவளி மாதத்தில் கூட்டம் இரண்டு மடங்கானாலும் அந்த இடத்துக்கு நீங்கள் போகப்போவதில்லை.

தூரம் கணக்கிடும் படிவத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும், பலர் கவனிக்காமல் விடுவது அதைத்தான். வாடிக்கையாளர் முகவரியைத் தட்டத் தட்டக் கீழே பரிந்துரைகள் விழுகின்றன அல்லவா? எழுதியவர் கவனமாக எழுதாவிட்டால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கோரிக்கை கூகுளுக்குப் போகும். ஒரு முகவரிக்குப் பத்துப் பதினைந்து ஆகிவிடும். 700 பேர் பதினைந்து எழுத்து தட்டினாலே 10,500. இலவச எல்லை தாண்டிவிடும். ஆனாலும் பயப்பட வேண்டாம், அந்தச் சேவை ஆயிரத்துக்கு 2 டாலர் 83 சென். தாண்டிய 500-க்கு ஒன்றரை டாலர்கூட வராது. வழித்தடக் கணக்கு ஆயிரத்துக்கு 5 டாலர், அதற்கும் முதல் 10,000 இலவசம். மாதத்துக்கு நூறு பேர் விலை கேட்கும் ஒரு சமையல் தொழிலுக்கு இதில் எதுவும் சுமையாகாது. படிவத்தில் எனக்கு இருக்கும் கவலை வேறு, அது பணத்தைப் பற்றியது இல்லை. அதையும் பின்னால் சொல்கிறேன்.

வரைபடம் ஏன் கறுத்தது என்பதற்கு வருவோம். அந்த எழுத்து விழுந்தால் கூகுள் சொல்லவருவது இதுதான்: ஏபிஐ கீ, அதாவது உங்கள் தளம் வரைபடத்தைப் பயன்படுத்தக் கூகுள் தரும் குறியீடு, சரியில்லை, அல்லது அந்தக் கீயோடு உயிருள்ள பணக் கணக்கு இணைக்கப்படவில்லை. பாக்கி ஏறிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. உங்கள் தளம் மூன்று ஆண்டுகளுக்கு முன், அதாவது 2018 விதிக்குப் பிறகு கட்டப்பட்டு, போன மாதம்வரை ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. அப்படியானால் தொடக்கத்தில் ஒரு பணக் கணக்கு இருந்திருக்கிறது, இப்போது அது இல்லை. பெரும்பாலும் அட்டை காலாவதியாகியிருக்கும், இல்லையென்றால் கணக்கையோ கீயையோ யாராவது மூடியிருப்பார்கள். உங்கள் தளத்தைப் பார்க்காமல் இந்த மூன்றில் எது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, எஃப்12 பொத்தானை அழுத்தி, ‘கன்சோல்’ என்ற பகுதியில் சிவப்பாக என்ன வரி வருகிறது என்று பாருங்கள். ‘பில்லிங் நாட் எனேபிள்ட்’ என்று வந்தால் பணக் கணக்குச் சிக்கல். ‘இன்வேலிட் கீ’ என்றால் கீ சிக்கல். அந்த ஒரு வரி ஊகத்தை எல்லாம் முடித்துவைக்கும்.

தம்பி உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் பக்கத்தில் ஓர் உண்மையான நெருக்கடி இருக்க வாய்ப்புண்டு. இந்தத் தொழிலில் பலர் தங்கள் சொந்த அட்டையில் ஒரே ஒரு பணக் கணக்கைத் திறந்து, எல்லா வாடிக்கையாளரின் வரைபடத்தையும் அதிலேயே ஓட்டுவார்கள். இலவச 10,000 என்பது அகப்பக்கத்துக்கு இவ்வளவு என்று இல்லை, பணக் கணக்குக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. தோட்டக் கடையில் ஒரே பற்றுப் புத்தகத்தில் பத்துக் குடும்பம் சாமான் எடுத்தால் மாதக் கடைசியில் புத்தகக்காரர் தலையில் விழுவதுபோல, 200 டாலர் சலுகை இருந்தவரை சமாளித்தவர்களுக்கு 2025 மார்ச்சுக்குப் பிறகு பில் வரத் தொடங்கியிருக்கும். அந்தச் செலவை வாடிக்கையாளர்களிடம் பிரித்து வாங்க நினைப்பது இயல்பு. அவர் உழைப்புக்கு நியாயமான கூலி கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுங்கள். தளத்தைப் பராமரிக்கவும், டொமெய்னைப் புதுப்பிக்கவும், கெட்டதைச் சரிசெய்யவும் நேரம் ஆகத்தான் செய்கிறது. அதைப் ‘பராமரிப்புக் கட்டணம்’ என்று சொல்லிக் கேட்கட்டும். உங்களுக்குக் கூகுளிடமிருந்து வராத ஒரு பில்லை வரைபடக் கட்டணம் என்று பெயர்வைத்து வாங்குவது சரியில்லை.

ஆகவே என் பதில்: அந்த 600 வெள்ளியை வரைபடத்துக்காகக் கட்ட வேண்டாம். அதைவிட முக்கியமாக, உங்களுக்குத் தேவைப்படும் வரைபடத்துக்குக் கணக்கே திறக்க வேண்டியதில்லை.

கூகுள் வரைபடத்தை அகப்பக்கத்தில் வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கீ வாங்கி, நிரல் எழுதி, வரைபடத்தை உங்கள் விருப்பப்படி ஆட்டிவைப்பது. வண்ணம் மாற்றலாம், நூறு கிளைகளைக் குறிக்கலாம், வாடிக்கையாளர் இருக்கும் இடத்தைக் கேட்கலாம். கட்டணம், அட்டை, இலவச எல்லை எல்லாம் இந்த வழிக்குத்தான். மற்றொன்று, கூகுள் மேப்ஸில் உங்கள் கடையைத் தேடி, ‘ஷேர்’ என்பதைத் தொட்டு, ‘எம்பெட் எ மேப்’ என்ற இடத்தில் கிடைக்கும் ஐஃப்ரேம் வரியை, அதாவது இன்னொரு பக்கத்தை உங்கள் பக்கத்துக்குள் காட்டும் நிரல் வரியை, எடுத்து அகப்பக்கத்தில் ஒட்டுவது. இதற்குக் கீ வேண்டாம், அட்டை வேண்டாம். 2018 விலையேற்றமும் 2025 மாற்றமும் இதைத் தொடவில்லை, எத்தனை பேர் பார்த்தாலும் இலவசம். கைப்பேசியில் அந்த வசதி தெரியாது, கணினியில் செய்யுங்கள். ஒரே ஒரு கடையை, ஒரே ஓர் இடத்தைக் காட்ட வேண்டிய தொழிலுக்கு இந்த இரண்டாவது வழியே போதும். சிறு தொழில் அகப்பக்கங்களில் நான் பார்த்த கறுத்த வரைபடங்களில் மிகப் பெரும்பாலானவை, இந்த எளிய வழி போதுமான இடத்தில் முதல் வழியைப் பயன்படுத்தியவை. தம்பிகள் பாடத்தில் படித்தது அந்த முதல் வழி, அதனால் கை அங்கேதான் போகிறது.

அதோடு எல்லாப் பக்கத்தின் அடியிலும் வரைபடம் எதற்கு? தொடர்பு கொள்ளும் பக்கத்தில் ஒன்று இருந்தால் போதும். தோட்டப்புறத்தில் தொலைத்தொடர்பு சில இடங்களில் இன்னும் திணறுகிறது. செம்பனைக்குள் நின்றுகொண்டு உங்கள் உணவுப் பட்டியலைப் பார்க்கத் துடிக்கும் ஒருவருக்கு, வரைபடம் இறங்கி முடியும்வரை காத்திருப்பது பெரிய தொல்லை. மற்றப் பக்கங்களில் இரண்டு பொத்தான்கள் வையுங்கள், ஒன்று கூகுள் மேப்ஸில் திறக்க, ஒன்று வேஸ் என்ற வழிகாட்டிச் செயலியில் திறக்க. இரண்டும் வெறும் இணைப்புகள், காசில்லை, கீயில்லை. நம் ஆட்கள் வண்டியை எடுத்தவுடன் திறப்பது வேஸைத்தான், அதனால் இரண்டாவது பொத்தானை விட்டுவிடாதீர்கள்.

கூகுளே வேண்டாம் என்று நினைத்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது. 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது, உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைகிறார்கள். ‘லீஃப்லெட்’ என்ற இலவச நிரலோடு சேர்த்து அகப்பக்கத்தில் வைக்கலாம். அந்த அமைப்பின் சொந்தக் கணினிகளிலிருந்து படங்களை எடுக்கும்போது சில விதிகள் உண்டு. மூலையில் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்ற நன்றிக்குறிப்பு தெரிய வேண்டும், பெருமளவில் இழுக்கக் கூடாது, எப்போதும் கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. அவை நன்கொடையில் ஓடுபவை. 900 பேர் பார்க்கும் தளத்துக்கு அது பொருந்தும். மேப்பாக்ஸ் என்ற நிறுவனம் மாதம் 50,000 வரைபடம்வரை இலவசமாகத் தருகிறது, அதற்கும் கணக்குத் திறக்க வேண்டும். பிங் வரைபடத்தைப் பழைய கட்டுரைகள் இன்னும் பரிந்துரைக்கும், அதன் பக்கம் போகாதீர்கள். மைக்ரோசாஃப்ட் அதன் இலவசக் கணக்குகளை 2025 ஜூன் 30-ஓடு மூடிவிட்டு எல்லோரையும் அஸூர் மேப்ஸுக்கு அனுப்பிவிட்டது.

இனித் தூரக் கணக்குப் படிவம். என் கவலை என்று சொன்னேனே, அது இதுதான்: நம் பக்கத்தில் அந்தப் படிவம் சொல்லும் தூரம் நம்பத் தகுந்ததா? கல்யாணம் தோட்டத்துக் கோயிலில், பந்தி பாலாய் ராயா என்ற பொது மண்டபத்தில். வாடிக்கையாளர் தட்டும் முகவரி, தோட்டத்தின் பெயர், டிவிஷன், 45600 பெஸ்தாரி ஜெயா. லயத்து வீடுகளுக்குத் தெருப் பெயர் ஏது? முகவரியை இடமாக மாற்றும் கணினி, சரியான வீடு கிடைக்காதபோது சும்மா இருக்காது. அஞ்சல் குறியீட்டின் நடுப்புள்ளியையோ ஊரின் நடுவையோ எடுத்து, அங்கிருந்து தூரத்தைக் கணக்கிட்டுத் திடமாக ஒரு விலையைச் சொல்லிவிடும். கூகுள் இதை மறைப்பதும் இல்லை. ஒவ்வொரு பதிலோடும் அது எவ்வளவு துல்லியம் என்று ஒரு குறிப்பு தருகிறது. ‘ரூஃப்டாப்’ என்றால் அந்தக் கட்டடமே கிடைத்தது, ‘அப்ராக்ஸிமேட்’ என்றால் குத்துமதிப்பு. உங்கள் படிவத்தை எழுதியவர் அந்தக் குறிப்பைப் படிக்கும்படி எழுதியிருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், முதன்மைச் சாலையிலிருந்து செம்மண் பாதையில் வெகுதூரம் உள்ளே போக வேண்டிய ஒரு தோட்டத்துக்கும் பட்டணத்தின் நடுவில் இருக்கும் மண்டபத்துக்கும் அது ஒரே விலையைச் சொல்லும். லோரி வாடகையும் ஆள்கூலியும் உங்கள் கையிலிருந்து போகும். கூகுள் கேட்கக்கூடிய ஒன்றரை டாலரைவிட இந்தத் தவறு உங்களுக்குப் பல மடங்கு செலவு வைக்கும்.

இன்னொரு செய்தியும் உண்டு. வழித்தடத்துக்கும் தூரத்துக்கும் இருந்த பழைய கூகுள் சேவைகளை 2025 மார்ச் 1 முதல் ‘பழைய தலைமுறை’ என்று ஒதுக்கிவைத்து, ‘ரூட்ஸ்’ என்ற புதிய சேவையைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு முன் எழுதிய உங்கள் படிவம் பழையதைத்தான் பயன்படுத்தும் என்று நினைக்கிறேன். இன்றைக்கு ஓடினாலும் ஒருநாள் மாற்றி எழுத வேண்டிவரும்.

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தப் படிவத்தை எடுத்துவிட்டு ஒரு பட்டியல் வைப்பேன். ஈஜோக், புக்கிட் ரோத்தான், கோலசிலாங்கூர், பத்து ஆராங், ரவாங், தஞ்சோங் காராங் என்று நீங்கள் போகும் ஊர்களையும், ஒவ்வொன்றுக்கும் போக்குவரத்துச் செலவையும் வெளிப்படையாகப் போடுங்கள். தோட்டங்களுக்குத் தனி வரி போட்டு, ‘இடத்தைப் பார்த்துச் சொல்கிறோம், வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்புங்கள்’ என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் அந்தக் கோயில் வாசலில் நின்று அனுப்பும் புள்ளி, எந்த முகவரித் தேடலையும்விடச் சரியாக இருக்கும். உங்கள் அப்பாவோ அண்ணனோ அந்தப் பாதையில் மழைக்காலத்தில் லோரி போகுமா என்று தெரிந்துவைத்திருப்பார். எந்த வரைபடச் சேவையும் அதை விற்பதில்லை.

ஆனால் கிளைகள் திறந்து, பல ஊர்களில் வாடகைப் பந்தல் இருப்பைக் காட்ட வேண்டிய நாள் வந்தால் முதல் வழி தேவைப்படலாம். அப்போது சிலவற்றை விடாமல் செய்யுங்கள். பணக் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். தம்பிக்கு உள்ளே வந்து வேலைசெய்ய அனுமதி கொடுங்கள், உரிமை உங்களிடம் இருக்கட்டும். கீ அகப்பக்கத்தின் மூல நிரலில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், அதைத் தடுக்க முடியாது. யாராவது எடுத்துத் தங்கள் தளத்தில் போட்டால் பில் உங்களுக்கு வரும். அதனால் கீயையும் பணக் கணக்கையும் நிர்வகிக்கும் கூகுள் கிளவுட் பக்கத்தில் அந்தக் கீயை உங்கள் டொமெய்னில் மட்டும் வேலைசெய்யும்படி பூட்டுங்கள், தேவையான சேவைகளைத் தவிர மற்றவற்றை அடைத்துவிடுங்கள். பிறகு நாள் வரம்பு. பலர் ‘பட்ஜெட்’ என்று ஒரு தொகையைப் போட்டுவிட்டுப் பத்திரமாக இருப்பதாக நினைக்கிறார்கள். பட்ஜெட் எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பும், அவ்வளவுதான், செலவை நிறுத்தாது. நிறுத்துவது ‘கோட்டா’. சாதாரண வரைபடத்துக்கு நாளுக்கு 300 என்று கோட்டா போட்டால் 31 நாள் மாதத்திலும் 9,300-ஐத் தாண்டாது, 10,000-க்குள் நிற்கும். அந்த நாளில் 301-ஆவது ஆளுக்கு வரைபடம் தெரியாது, உங்கள் அட்டையிலும் ஒரு சென் போகாது.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பணத்தைவிட இதில்தான் எனக்கு அக்கறை. உங்களைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் அகப்பக்கத்தின் அடியில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்து வருவதில்லை. கைப்பேசியில் கூகுள் மேப்ஸையோ வேஸையோ நேராகத் திறந்து பெயரைத் தட்டுகிறார்கள். அங்கே உங்கள் புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா? கூகுள் பிஸினஸ் புரொஃபைல் என்பது முழுக்க இலவசம். கடையை உரிமைகோரி, புள்ளியை உங்கள் சமையற்கூடத்தின் வாசலுக்கே நகர்த்தி, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம், தீபாவளி விடுமுறை எல்லாம் நீங்களே மாற்றலாம். ஊர்ப் பெயரில் கவனம் வேண்டும். 2007-இல் பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா ஆனது. நம் பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள், தேடும்போதும் அப்படித்தான் தட்டுகிறார்கள். உங்கள் அகப்பக்கத்தின் முகவரி வரியில் இரண்டு பெயரையும் எழுதுங்கள். ஆனால் பிஸினஸ் புரொஃபைலில் கடைப் பெயரோடு ஊர்ப் பெயர்களை அடுக்காதீர்கள். கூகுளின் விதி அதைத் தடுக்கிறது, பக்கத்தையே முடக்கிவிடவும் கூடும்.

தோட்டப் பெயர்களும் அப்படியே. நம் வட்டாரம் சாதாரண வட்டாரம் இல்லை. இந்த நாட்டில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-இல், பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில். நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் ஆட்கள் வேலைசெய்து குடியிருந்த தோட்டங்கள் இவை. நிறுவனம் கைமாறும்போது பலகையில் பெயர் மாறுகிறது, லயம் இடிந்து தாமான் எழும்புகிறது, வரைபடத்தில் பழைய கோயிலும் பள்ளியும் பெயரில்லாமல் நிற்கின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இவற்றை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், தமிழ்ப் பெயரைத் தனி வரியாகவே எழுதலாம். ஒரு விதியை மட்டும் மீறக்கூடாது: கூகுள் வரைபடத்தைப் பார்த்து அங்கே நகல் எடுக்கக் கூடாது. நேரில் போய்ப் பார்த்ததை, கைப்பேசியில் பதிவுசெய்ததை, உங்களுக்கே தெரிந்ததை எழுதுங்கள். பந்தல் போடப் போகும் உங்கள் ஆட்களுக்கு அந்தப் பக்கத்துக் கோயில்கள் எல்லாம் அத்துப்படியாக இருக்குமே. போகிறபோது ஒன்றிரண்டைப் பதிந்துவிட்டு வந்தால், அடுத்த முறை தோட்டத்தின் பெயரைத் தட்டும் வாடிக்கையாளருக்கு இடம் கிடைக்கும்.

விலை இனி எப்படிப் போகும் என்று கேட்டால் என்னிடம் உறுதியான பதில் இல்லை. 2011, 2018, 2025 என்று மூன்று முறை இலவச எல்லையின் வடிவம் மாறியிருக்கிறது, அடுத்த மாற்றம் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. ஐஃப்ரேம் வழி இதுவரை எந்த மாற்றத்திலும் சிக்கவில்லை என்பதால் அதையே நம்பிப் பரிந்துரைக்கிறேன். ஒருவேளை நாளை அதற்கும் விலை வைத்தால்கூட, வெறும் இணைப்புப் பொத்தான்களும் எழுத்தில் தெளிவாக எழுதிய முகவரியும் இருக்கும்வரை உங்கள் கடையைக் கண்டுபிடிக்க ஆட்களுக்கு வழி இருக்கும்.

தம்பியிடம் பேசும்போது இப்படிக் கேளுங்கள்: “தம்பி, இந்தக் கீ யார் கணக்கில் இருக்கிறது? எங்கள் தளத்துக்கு மட்டும் போன மூன்று மாதத்தில் எவ்வளவு பயன்பாடு, எவ்வளவு பில், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?” கூகுள் கிளவுட்டில் இது சேவை வாரியாகத் தெளிவாகத் தெரியும். அவர் கணக்கில் எல்லோரும் கலந்து இருந்தால் உங்களுடையதை மட்டும் பிரித்துக் காட்ட முடியாமல் போகலாம், அப்படியானால் அதையே சிக்கல் என்று புரிந்துகொள்ளுங்கள். பிறகு, தொடர்புப் பக்கத்தில் மட்டும் ஐஃப்ரேம் வரைபடம், மற்றப் பக்கங்களில் இரண்டு பொத்தான்கள், படிவத்துக்குப் பதில் ஊர்ப் பட்டியல் என்று மாற்றித்தரச் சொல்லுங்கள். தெரிந்தவருக்கு இது அரை நாள் வேலை. அந்த அரை நாளுக்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். மாற்றிய பிறகும் அந்தக் கறுப்பு எழுத்து வந்தால், பழைய நிரல் வரி எங்கோ நீக்கப்படாமல் இருக்கிறது என்று பொருள். கன்சோலில் வரும் சிவப்பு வரியை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.